மறுப்புக்கான காரணம்

தனப்பின் கால்வாய்க் கரையில்
பைக்கை நிறுத்தும்போதே தெரிந்துவிட்டது,
இன்றைக்கும் தேநீர்தான் கிடைக்கும்.

பையில் இருபது பொட்டலம் சூரியகாந்தி.
மருந்து தடவி ரோஜா நிறமான விதை.
பொட்டலத்தில் சிரிக்கும் பெண்ணை
இந்தப் பக்கம் யாரும் பார்த்ததில்லை.

எண்ணெய்க்கு விலை நிற்கும்,
ஒரே பயிரை நம்பினால் ஒருநாள் கவிழ்வோம்,
எல்லாம் மனப்பாடம்.
பர்மியத்தில் ஒரு தடவை,
கோயில் பக்கத்து நாலு வீட்டுக்காகத்
தமிழில் ஒரு தடவை.

ஊ சோ நைங் முழுதும் கேட்டார்.
வெற்றிலையை மறு கன்னத்துக்குத் தள்ளினார்.
"ஆறு வருஷம் முன்னால் இதே பைக்கில் வந்து
உளுந்து போடச் சொன்னது நீதானே?"

நான்தான்.
நெல் அறுத்த ஈரத்திலேயே முளைக்கும்,
கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு நாடே
காலையில் இட்லி தின்கிறது என்று
கையை அகல விரித்துக் காட்டியதும் நான்தான்.
அவர் இட்லி பார்த்ததில்லை.
மாசிலாமணி வீட்டில் ஒன்று வாங்கி வந்து கொடுத்தேன்.
அமுக்கினார், முகர்ந்தார்.
"இதற்கா?"
ஆனாலும் போட்டார்.

அப்புறம் அந்தக் கரையில் யாரோ
இவ்வளவு போதும் என்று ஒரு தாளில் கையெழுத்து வைத்தார்கள்.
இங்கே மூட்டைகள் படுக்கும் இடம் வரை வந்தன.
அவர் மகள் அவற்றின் மேலேயே பாய் விரித்தாள்.
ராத்திரியில் வண்டு துளைப்பது
காதுக்குள் கேட்கும் என்பாள்.
மறு வருஷமும் உளுந்துதான்.
"விலை கெட்டால் குழம்பு வைக்கலாம்.
பூவை என்ன செய்ய?"

டாவ் ஏ ச்சீ சுற்றி வளைக்க மாட்டாள்.
செக்கு எங்கே?
பெகுவில்.
அதுவரை வண்டிக்கூலி?
நான் தேநீரைக் குடித்தேன்.
ஆறிப் போயிருந்தது.

மாசிலாமணி மட்டும் ஒரு விதையைப் பிளந்து பார்த்தான்.
"நல்ல பயிர்தான், தங்கச்சி. பொய் சொல்லவில்லை நீ.
ஆனால் ஊரே உளுந்து போட்டிருக்க
நான் ஒருத்தன் பூ வைத்தால்
மூணு ஊர்க் கிளியும் என் வயலுக்கு வரும்.
நூறு பேர் வைத்தால்
ஆளுக்குப் பத்துக் கிளியோடு போகும்.
நூறு பேரைக் கூட்டி வா.
நூற்றியொன்றாவது ஆள் நான்."

காலையிலிருந்து நான் பார்த்த எல்லோருமே
நூற்றியொன்றாவது ஆட்கள்.

கிளம்பும்போது கேட்டான்:
"கால்வாய்க்கு அந்தப் பக்கம் உன் தம்பி
என்ன விதைத்திருக்கிறான்?"
கேட்காத மாதிரி பைக்கை உதைத்தேன்.
அது முதல் உதையில் கிளம்புகிற வண்டி இல்லை.
ரெண்டாவது, மூணாவது உதை வரை
அவன் நின்றுகொண்டே இருந்தான்.
உளுந்து. நாலு நாள் ஆகிறது.
விதைக்குக் காசு கொடுத்தது நான்.

மூங்கில் பாலத்தருகே டாவ் ஏ ச்சீ கைகாட்டி நிறுத்தினாள்.
ஒரு பொட்டலம் மட்டும் கொடு,
வேலியோரம் ஊன்றுகிறேன்,
கிளி அதைத் தின்றால்
என் மிளகாய் தப்பும்.

சாயங்காலம் படிவம்.
ஏற்றுக்கொண்டோர்: ஒன்று.
மறுத்தோர்: பத்தொன்பது.
மறுப்புக்கான காரணம் என்ற கட்டத்தில்
என் கட்டைவிரல் நகம் அளவுக்குத்தான் இடம்.
செக்கு நுழையவில்லை.
ஊ சோ நைங் மகளின் பாய் நுழையவில்லை.
என் தம்பியை நான் நுழைக்கவில்லை.
கிளி என்று எழுதினேன்.
தலைநகரில் யாராவது சிரிப்பார்கள்,
இல்லை, வறட்சி என்று திருத்துவார்கள்.

வீடு திரும்பும் வழியில்
மின்கம்பி நெடுக உட்கார்ந்திருந்தன.
பைக்கை ஓரம் கட்டி எண்ணினேன்.
முப்பத்தெட்டு வரை வந்தேன்.
ஒன்று பறந்தது,
எல்லாம் பறந்தன,
மறுபடி ஒன்றிலிருந்து.